வீட்டை இரண்டாக்கிய வழி

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீ நலமாக இருப்பதை நீ அனுப்பிய பத்திரிகையில் பார்த்துத் தெரிந்துகொண்டேன், இந்த வீட்டை வரைந்ததற்குக் கிடைத்த பரிசைக் கையில் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாய், கன்னம் மட்டும் ஒட்டிப்போயிருக்கிறது, வேளைக்குச் சாப்பிடு. நான் நன்றாக இருக்கிறேன். உன் அப்பாவும் நன்றாக இருக்கிறார் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன், கை வரவில்லை. இதைப் போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். போன் அடித்தாலே ஸ்பீக்கரில் போடு என்கிறார், உன் குரல் கேட்டதும் தலையணையை நிமிர்த்திச் சாய்ந்துகொண்டு, பல்செட்டை மாட்டிக்கொண்டு, நல்ல சட்டை போட்டிருப்பவர் மாதிரி பேச ஆரம்பித்துவிடுகிறார், அவர் முன்னால் நான் எதைச் சொல்வது. வீட்டு நடுவில் இருக்கும் வழியை அடைத்துவிடாதீர்கள், கட்டடக்கலை படிக்கிற பிள்ளைகள் வீட்டைப் பார்க்க வருவார்கள் என்று நீ மெசேஜ் அனுப்பியிருந்தாய் அல்லவா, அதற்குப் பதில்தான் இது. பதில் ஒரு வரிதான், ஆனால் அந்த வரிக்கு வர நான் முதலிலிருந்து வரவேண்டியிருக்கிறது, நேரம் இருக்கும்போது உட்கார்ந்து படி.

உன் சித்தி வந்து தங்கிவிட்டுப் போனாள். காலையில் குளித்துத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு டீ குடிக்கச் சமையலறைக்குக் கிளம்பியவள், நடுவில் தெரு மாதிரி ஒன்று குறுக்கே கிடப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். ஒரு வாய் டீக்கு நல்ல துணி உடுத்திக்கொண்டு செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்புவது உலகத்திலேயே உன் வீட்டில் மட்டும்தான் அக்கா என்று சிரித்தாள், திரும்பிப் போகும்போது மழை பிடித்துக்கொண்டு நனைந்தாள், அதற்குமேல் சிரிக்கவில்லை. அவள் மகள் வீடு கட்டப்போகிறாளாம், உன்னை வரைந்து தரச் சொல்லலாமா என்று என்னிடம் கேட்டாள். எனக்கு இருப்பது ஒரே தங்கை, அவளோடு பேச்சு நின்றுபோவதில் எனக்கு விருப்பமில்லை, அதனால் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

இந்த மனையை வாங்கியபோது இந்தப் பகுதி எங்களுக்குப் புதிது, இங்கே ஒரு ஆளைத் தெரியாது. நீ லீவில் வந்தாய், அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு பகல் முழுக்கக் காலி மனையில் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். மேல்தெருவுக்கும் கீழ்த்தெருவுக்கும் நடுவில் சரிவாகக் கிடக்கிற மனை, அன்றைக்கு ஆட்கள் அதைக் குறுக்கே கடந்து போய்க்கொண்டே இருந்தார்களாம், பையோடும் பிள்ளையோடும், சைக்கிளைத் தள்ளிக்கொண்டும். எல்லாவற்றையும் வரைந்துகொண்டு வந்தாய். நிலத்துக்குன்னு ஒரு குணம் இருக்கும்மா, அதை நாம மாத்தக் கூடாது, அது சொல்றதைக் கேட்டுக் கட்டணும் என்றாய். நிலம் என்னடி சொல்லிற்று என்று கேட்டேன். எம்மேல நடந்துட்டிருக்காங்க, அவங்களைத் தடுத்துடாதன்னு சொல்லுது என்றாய். உன் அப்பா உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆயுசு முழுக்கப் பஸ்ஸில் கண்டக்டராக நின்று, முன்னாடி போங்க, வழி விடுங்க என்று தொண்டை கிழியக் கத்தியவர், ஒரு வீடே வழி விடப்போகிறது என்றதும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். நீ வரைந்தபடியே கட்டினோம். மேல் பக்கம் சமையலறையும் கூடமும், கீழ்ப் பக்கம் படுக்கையறையும் குளியலறையும், நடுவில் கல் பாவிய வழி. மேலே கூரை கிடையாது, வானம் தெரிய வேண்டும் என்றாய். முனையில் கேட் கிடையாது, வருகிறவர்கள் தயங்கக் கூடாது என்றாய். நிலத்தின் குணத்தை ஒரு பகல் முழுக்கக் கேட்டாயே, என் குணத்தை ஐந்து நிமிஷம் கேட்டிருந்தால் படுக்கையை விட்டு எழுந்து ஒரு சொம்புத் தண்ணீருக்குத் தெருவைக் கடக்கிற குணம் எனக்கு இல்லை என்று சொல்லியிருப்பேன். வீடு முடிந்ததும் போட்டோ எடுக்கும் ஆளோடு வந்தாய், நாலு நாள் இருந்தாய், மழை இல்லாத நாலு நாள், அதோடு போனவள்தான்.

குடி வந்த பிறகு அந்த வழியில் ஒரு ஈ காக்கை நடக்கவில்லை. ஆரம்பத்தில் நானும் வருவார்கள் வருவார்கள் என்று ஜன்னல் பக்கமே நின்றேன். கீழ்த்தெருத் தையல்காரி, நான் தைக்கக் கொடுத்த துணியைக் கொண்டுவந்தவள், ஒரு தெரு சுற்றிக்கொண்டு மேல் வாசலுக்கு வந்து மூச்சு வாங்க நின்றாள். இந்த வழியாக ஏறி வந்தால் என்ன என்று கேட்டேன். அய்ய, அடுத்தவங்க வீட்டுக்குள்ள பூந்து போற மாதிரி கூச்சமா இருக்குக்கா என்றாள். முன்னெல்லாம் எல்லாரும் இப்படித்தானே போனீர்கள் என்றேன். அவள் நின்று யோசித்துவிட்டு, ஓ அதைச் சொல்றீங்களா, அப்ப சாக்கடைக் குழா போட எங்க தெருவைத் தோண்டிப் போட்டிருந்தாங்கக்கா, பள்ளத்துல விழாம பஸ் ஸ்டாப்புக்குப் போக உங்க காலி மனைதான் தோதா இருந்துச்சு, ரோடு போட்டதும் அவங்கவங்க பழையபடி போயிட்டாங்க என்றாள். கேட்டுக்கொள் மகளே. உன்னிடம் பேசியது நிலம் இல்லை, சாக்கடைக்குத் தோண்டிய பள்ளம். பத்திரிகைக்காரன் தலைமுறை தலைமுறையாக ஊர் புழங்கிய பாதை என்று அச்சடித்திருக்கிறான், எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் எழுத்துக்கூட்டி வாசித்தேன், அந்தப் பாதை பிறந்ததும் செத்ததும் ஒரே குழாய் வேலையில். உண்மையில் இந்த மனைக்கு ஒரு குணம் உண்டு, சரிவு. மேல்தெருவில் பெய்கிற மழை அத்தனையும் நேராக உன் வழியில் நுழைந்து கீழ்த்தெருவுக்கு இறங்குகிறது, நீ ஆட்களுக்குக் கட்டிய வழியில் தவறாமல் நடப்பது அது ஒன்றுதான். அதை மட்டும் நீ வரையவில்லை, நீ வந்தது வெயில் காலம். இனிமேல் ஒரு மனையைப் பார்க்கப் போனால் வேறு வேறு காலத்தில் இரண்டு தடவை போ, பக்கத்தில் இருப்பவர்களிடம் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேள். நிலத்தோடு பேசத் தெரிந்த உனக்கு ஒரு தையல்காரியோடு பேசுவதா கஷ்டம்.

இதை அன்றைக்கே உனக்குச் சொல்லப் போனை எடுத்தேன். உன் அப்பா என் கையிலிருந்து பிடுங்கிவிட்டார். பாப்பா மனசு உடைஞ்சிரும், நீ வாயைத் தெறக்காத என்றார். மறுநாளிலிருந்து அவர் ஒன்று செய்ய ஆரம்பித்தார், எனக்கு முதலில் புரியவில்லை. காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு படுக்கையறைப் பின்கதவால் கீழ்த்தெருவில் இறங்குவார், அங்கிருந்து திரும்பி உன் வழியில் நுழைந்து ஏறி வருவார், சமையலறை ஜன்னலைத் தாண்டும்போது, என்னங்க சமையல் ஆச்சா என்று யாரோ தெரிந்தவர் விசாரிப்பதுபோல் விசாரிப்பார், மேல்தெருவைத் தொட்டுவிட்டு அதே வழியில் இறங்குவார். சாயங்காலமும் இதே கூத்து. உமக்குப் பைத்தியமா என்று கேட்டேன். வழின்னு போட்டிருக்குல்ல, ஒரு ஆளாவது நடக்கணும்ல என்றார். நீ வரைந்தது பொய்யாகிவிடக் கூடாது என்று அவர் ஒருவரே ஊராக நடந்தார். எனக்கு அப்போது ஆத்திரம்தான் வந்தது, ஜன்னலைப் படாரென்று சாத்துவேன், ஒரு தடவை கூட ஆச்சுங்க என்று பதில் சொன்னதில்லை. இப்போது அந்த ஜன்னலில் கை வைக்கவே முடியவில்லை.

மழைக்காலத்தில் கல் முழுக்கப் பாசி. போகாதீர் என்றேன், போனார், விழுந்தார். கூப்பிட்டிருக்கிறார், காற்று அவர் குரலைக் கீழ்த்தெருப் பக்கம் கொண்டுபோய்விட்டது, எனக்குக் கேட்கவில்லை. எதற்கோ ஜன்னலைத் திறந்தேன், அவர் கல்லில் மல்லாந்து கிடக்கிறார், மேல்தெருத் தண்ணீர் அவரைச் சுற்றிக்கொண்டு போகிறது. இடுப்பு எலும்பு. லேசாக வழுக்கிவிட்டது என்று உன்னிடம் சொல்லச் சொன்னார், நான் அந்த லேசாகவை விட்டுவிட்டு ஆபரேஷன் என்பதையும் சேர்த்துத்தான் சொன்னேன். நீ டிக்கெட் பார்க்கிறேன் என்றாய். பிறகு வேலை முடியட்டும் என்றாய். பிறகு ஆன்லைனில் ஒரு வாக்கர் வாங்கி அனுப்பினாய், நல்ல வாக்கர்தான், நீலப் பிடி போட்டது, நீ நேரில் பார்த்ததில்லை என்பதால் சொல்கிறேன்.

அதிலிருந்து அவர் அந்தப் பக்கம் படுத்திருக்கிறார், நான் இந்தப் பக்கம் சமைக்கிறேன். தட்டை மூடிக் குடையைப் பிடித்துக்கொண்டு கடப்பதற்குள் சோறு விறைத்துப்போகிறது. அவர் முனகினாலும் எனக்குக் கேட்காது, மணி ஒன்று வாங்கிக் கொடுத்தேன், அதுவும் காற்றில் போய்விடுகிறது. கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினேன், இரண்டு முனையிலும் ஒரு சுவர், மேலே ஷீட், இரண்டு பக்கத்தையும் சேர்த்துவிடலாம், வீடு ஒரே வீடாகிவிடும் என்றார். உன் அப்பா கட்டிலில் இருந்தபடியே அந்த மனிதரை விரட்டிவிட்டார். பரிசுக்காகப் பார்க்க ஆள் வருவார்கள், அதுவரைக்கும் ஒரு செங்கல் கூட வைக்கக் கூடாது என்று நீ சொல்லியிருந்தாயே, அது அவருக்கு வேதவாக்கு. அந்தப் பக்கம் குளிர்கிறது, சேர்த்துக் கட்டிவிடலாம் என்று கெஞ்சினேன், திட்டினேன், பட்டினி கிடந்து பார்த்தேன். எனக்கென்ன குளிரா, நல்லாத்தான இருக்கேன் என்பார், சொல்லும்போதே பல்செட் தந்தியடிக்கும். உனக்குக் கட்டடம் பற்றி எவ்வளவோ தெரியும், ஒரு அறையில் குளிர்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள் தெரியுமா, அங்கே படுத்திருப்பவரிடம் கேட்கக் கூடாது, கடந்து போய் அவர் காலைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

பரிசுக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள், குட்டை முடி வைத்த ஒரு அம்மாளும் கேமராக்காரரும். நானும் ஆஸ்பத்திரி கவுன்டரில் சீட்டு எழுதி ரிட்டயரானவள்தானே, எதிரில் நிற்பவரிடம் எதையும் சுற்றி வளைக்காமல் சொல்லித்தான் பழக்கம். அவர்களை வழியின் நடுவில் நிறுத்தி, இது வழியே கிடையாதும்மா என்று ஆரம்பித்துவிட்டேன். அதற்குள் கீழ் முனையில் டக் டக் என்று சத்தம். ஒரு கிழவர் வாக்கரை ஊன்றி ஏறி வருகிறார். தலையில் துண்டை இறுக்கிக் கட்டியிருக்கிறார், கண்ணாடி இல்லை, பல்செட்டைக் கழற்றிவிட்டதால் வாய் உள்ளே போயிருக்கிறது, இளைத்துப்போன உடம்பில் பழைய சட்டை தொங்குகிறது. ஒரு நொடி எனக்கே தெரியவில்லை. கிட்டே வந்து என்னைப் பார்த்து, தள்ளிக்கங்கம்மா, வழியில நிக்கிறீங்க என்றார், பஸ்ஸில் சொல்கிற அதே குரல். குட்டை முடி அம்மாளுக்குச் சந்தோஷத்தில் கை கால் ஓடவில்லை, தெரிந்த நாலு தமிழ் வார்த்தையில் அவரை நிறுத்தி விசாரிக்கிறாள். சின்னப் புள்ளையிலேர்ந்து நான் இப்படித்தாம்மா போறேன், வீடு கட்டினப்ப அடைச்சிருவாங்கன்னு பயந்தேன், இந்த வீட்டுப் பொண்ணு எங்களுக்கு வழி விட்டுக் கட்டிருச்சு, நல்லா இருக்கணும் என்றார். சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். என் புருஷன் என்னிடம் எதையும் கேட்டு வாங்கியதில்லை, அந்தப் பார்வையில் கேட்டார். நான் வாயை மூடிக்கொண்டேன். கேமராக்காரர் பின்னாலிருந்து எடுத்துத் தள்ளினார், இவர் அந்தச் சரிவில் நின்று நின்று ஏறி மேல்தெருவுக்குப் போனார். அவர்கள் கிளம்பாமல் திரும்பி வர முடியாதே, பஸ் ஸ்டாப்பில் போய் வெயிலில் உட்கார்ந்துவிட்டார். கார் போனதும் ஓடினேன், எழுந்திருக்க முடியவில்லை. வண்டி பிடித்து ரோடு வழியாகச் சுற்றித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஆபரேஷனில் வைத்த மூட்டு நகர்ந்துவிட்டதாம், இன்னொரு ஆபரேஷனுக்கு இருதயம் தாங்காது, இனிமேல் எழுந்து நடப்பதை மறந்துவிடுங்கள் என்று டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். இதில் எதையும் உனக்குச் சொல்லக் கூடாது என்று உன் அப்பா என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார். சத்தியத்தை மீறினால் யாருக்கு என்ன ஆகும் என்று பார்க்கிற நிலைமையில் நான் இல்லை.

பத்திரிகை வந்தது. ஒரு பக்கம் முழுக்க அந்தப் போட்டோதான், இரண்டு சுவருக்கு நடுவில் முதுகைக் காட்டி ஏறிப் போகிற கிழவர். அவர் அதை மார்பு மேல் வைத்துக்கொண்டு தூங்கினார். அடுத்து உன் மெசேஜ் வந்தது. பாப்பா என்ன எழுதியிருக்கு, சத்தமா வாசி என்றார், வாசித்தேன், முன்கூட்டிப் பார்க்காமல் வாசித்தது என் புத்தி. வழியை அடைத்துவிடாதீர்கள் என்ற வரி வந்தது, தலையை ஆட்டிக்கொண்டார். அடுத்த வரி, அந்தப் போட்டோல இருக்கற பெரியவர் யாரும்மா, என் டிசைனோட உயிரே அவர்தான், விசாரிச்சுக் கண்டுபிடிச்சு என் சார்பா ஒரு சால்வை வாங்கிக் குடுங்க. இன்னொரு தடவை வாசி என்றார். வாசித்தேன். பார்த்தியா, பல்லைக் கழட்டினா பெத்த பொண்ணுக்கே தெரியல, அந்தக் காலத்துல எவனாவது நாடகத்துக்குக் கூப்ட்டிருந்தா நான் எங்கேயோ போயிருப்பேன் என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். பிறகு பத்திரிகையைக் கேட்டு வாங்கி அந்தப் பக்கத்தைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். படத்தில் பல் எங்கே தெரிகிறது, முதுகும் நீ அனுப்பிய வாக்கரின் நீலப் பிடியும்தான். கட்டிலோரம் நின்ற வாக்கரைத் தொட்டுப் பார்த்தார். மூடி என்னிடம் கொடுத்துவிட்டு, கொத்தனாரை வரச் சொல்லு என்றார். பாப்பா அடைக்க வேண்டாம் என்கிறாளே என்று, இத்தனை நாள் அவரோடு மல்லுக்கு நின்ற நான் உனக்காகப் பேசினேன். எனக்குக் குளுருது என்றார். முதல் தடவையாகச் சொன்னார்.

ஆகவே உன் முதல் கேள்விக்குப் பதில், அடைத்தாகிவிட்டது. நான் கெஞ்சியும் அழுதும் ஆகாததை நீ ஒரு மெசேஜில் செய்து முடித்துவிட்டாய், உனக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். கீழ் முனைச் சுவருக்குப் பூச்சு வேலை மட்டும் பாக்கி. நீ வரைந்த வழியில் இப்போது அவர் கட்டில் கிடக்கிறது, அடுப்பிலிருந்து கூப்பிட்டால் கேட்கிறது. படிக்கிற பிள்ளைகள் வந்தால் நிலத்தின் குணம் மாறிவிட்டது என்று சொல்லிக்கொள், உனக்கு வார்த்தைக்கா பஞ்சம். வருவதாக இருந்தால் சீக்கிரம் வா, வராவிட்டாலும் நான் இரண்டாவது முறை எழுத மாட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள், உன் கை தொட்ட வேலையெல்லாம் விளங்கட்டும், நீ கட்டுகிற வீடுகளில் இருப்பவர்கள் நன்றாக இருக்கட்டும் என்று மனதாரத்தான் வேண்டிக்கொள்கிறேன், நான் பெற்ற பிள்ளை நீ.

ஒன்றை மறக்காதே. அடுத்த முறை போனில் பேசும்போது உனக்கு எல்லாம் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே, அழுது வைக்காதே. எப்போதும்போல் அந்தப் பெரியவர் யார் என்று அவரிடமே கேள். அந்தப் பெரியவர் இப்பல்லாம் இந்தப் பக்கம் வர்றதில்லைம்மா என்று சொல்வார், உனக்குச் சொல்வதற்காக என்னிடம் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருக்கிறார். சரிப்பா என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போ.

இப்படிக்கு,
உன் அப்பாவை அடையாளம் தெரிந்த
அம்மா